தேய்த்த ஐந்து ரூபாயும் அதன் உடன்பிறப்பும்

1. முதல் நாள், முதல் ஆள்

வேலையில் சேர்ந்த அன்று நான் நாற்காலியில் சரியாக உட்காரும் முன்பே ஒருவர் வந்து, கைக்குட்டையைப் பிரித்து, மேஜை மேல் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்தார். களியக்காவிளைப் பக்கத்துக் கட்டட மேஸ்திரி. சட்டையில் சிமெண்ட்.

“மேடம், எழுத்து ரெண்டு ரெண்டா கெடக்கு பாருங்க. வீடியோல ஒருத்தன் இதுக்கு லட்சக்கணக்குல போவும்னு சொல்லுகான். நீங்க எவ்வளவு போடுவிய?”

நான் படித்தது மெட்டலர்ஜி. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், விளக்குக் கடைக்கு மேல்மாடியில் ஒரு சிறிய ஆபீஸ், நாணயங்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறது, உலோகம் படித்த ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு அங்கே வந்து சேர்ந்தேன். முதலாளி ஷீலா சேச்சி. நாணயத்தைப் பற்றிக் கேட்டால் என்னைக் காட்டுவார். மனிதர்களைப் பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மேஸ்திரியின் நாணயத்தை லூப்பில், கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் சின்னப் பூதக்கண்ணாடியில், பார்த்தேன். எழுத்துகளின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டையாக ஒரு படி இருந்தது. “இது மெஷின் டபுளிங் அண்ணே. அடிக்கும்போது மெஷின் ஆடியிருக்கு. இதுக்குத் தனி மதிப்புக் கிடையாது” என்றேன்.

“ரெண்டா தெரியுதுல்லா?”

“தெரியுது.”

“பெறகு என்ன?”

ஷீலா சேச்சி உள்ளிருந்து, “நித்யே, அவருக்கு ஒரு சாயா கொடு, பின்னே சொல்லு. காலி வயித்துக்குக் கெட்ட சேதி சொல்லக்கூடாது” என்றார். மேஸ்திரி சிரித்துவிட்டார். சாயா குடித்துவிட்டு, அந்த இரண்டு ரூபாயைக் கீழே உள்ள பெட்டிக்கடையில் கொடுத்து மிட்டாய் வாங்கி, எங்களுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இங்கே புதிதாகச் சேர்பவர்களும் முதல் வாரத்தில் அதே கேள்வியோடுதான் என் மேஜைக்கு வருகிறார்கள். இரண்டாகத் தெரிகிறதே, பிறகு என்ன? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2. எங்கே பார்க்க வேண்டும்

நாணயம் மூன்று படிகளில் பிறக்கிறது. ஹப் என்பது தாய் அச்சு. அதில் படம் மேடாக இருக்கும். ஹப்பை ஒரு எஃகுத் துண்டில் அழுத்தினால் படம் பள்ளமாக விழும். அது டை. இரண்டு டைகளுக்கு நடுவே வெறும் வில்லையை வைத்து அடித்தால் நாணயம்.

சேகரிப்பவர்கள் விலை கொடுத்துத் தேடும் டபுள்டு டை இரண்டாம் படியின் பிழை. ஹப்பை ஒரு முறைக்கு மேல் அழுத்தும்போது அது இம்மியளவு திரும்பிவிட்டால் டையிலேயே இரண்டு படம் பதிந்துவிடும். அதன் பிறகு அந்த டை அடிக்கும் எல்லா நாணயத்திலும் அதே இரட்டிப்பு இருக்கும், அதே இடத்தில் இருக்கும்.

மெஷின் டபுளிங் மூன்றாம் படியின் பிழை. டையில் குறையில்லை. அதன் பிடி தளர்ந்திருக்கிறது. அடித்த கணத்தில் டை கொஞ்சம் நகர்ந்து, அப்போதுதான் எழும்பிய எழுத்தை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. அடுத்த நாணயத்தில் அந்தத் தள்ளல் கூடலாம், குறையலாம், இல்லாமலே போகலாம்.

பிள்ளையார் உருவம் விழும் கொழுக்கட்டை அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையாருக்கு அச்சிலேயே இரண்டு தும்பிக்கை செதுக்கியிருந்தால் ஈடு முழுவதும் இரண்டு தும்பிக்கையோடு வரும். எடுக்கும்போது கை நழுவினால் அந்த ஒன்றுக்கு மட்டும் மூக்கு இழுபடும்.

லூப்பில் பார்க்கும்போது வரிசையாக:

அ. அகலம். டபுள்டு டையில் எழுத்து மொத்தத்தில் பருத்திருக்கும். மெஷின் டபுளிங்கில் எழுத்து தன் உடம்பையே கொடுத்துப் படி கட்டியிருக்கும். அதனால் மெலிந்திருக்கும்.

ஆ. முதுகு. டபுள்டு டையில் இரண்டு உருவத்துக்கும் உருண்ட முதுகு. மெஷின் டபுளிங்கில் இரண்டாவது உருவம் தரையோடு ஒட்டிய தட்டைப் படி.

இ. முனை. வெளிநாட்டுப் புத்தகங்கள் செரிஃபை, அதாவது எழுத்து முனையில் நீட்டும் சின்னக் கொம்பை, பார் என்று சொல்லும். நம் நாணயங்களில் பெரும்பாலும் செரிஃப் கிடையாது. நான் முதலில் அங்கேயே தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்கினேன். நமக்கு வசதியான இடம் ‘பாரத்’ என்ற ஹிந்தி எழுத்துகளின் தலைக்கோடு. அந்தக் கோட்டின் இரண்டு முனைகளையும் பாருங்கள். டபுள்டு டை என்றால் முனை கவட்டை மாதிரிப் பிளந்து, நடுவே ஒரு வெட்டு இருக்கும்.

ஈ. மினுக்கம். மெஷின் டபுளிங்கில் தள்ளப்பட்ட உலோகம் புதிதாக வெட்டிய ஈயம் மாதிரி தனியாகப் பளபளக்கும்.

இந்த நான்கும் பெரும்பாலும் போதும். நாணயத்தை யாரும் தேய்க்காமல் இருந்தால்.

3. ஜானகி மாமி

ஜானகி மாமி கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் ஊறுகாயும் கொண்டாட்டம் என்கிற வற்றலும் போட்டு விற்கிறவர். நாணயம் சேகரிப்பவர்களின் கழகத்தில் உறுப்பினர். கழகத்தின் ஆண்டுக் கண்காட்சியில் வருஷா வருஷம் மற்றவர்களின் ஃப்ரேம்களைத் துடைத்து, ஆணியில் மாட்டி, மதியம் எல்லாருக்கும் சாதம் பரிமாறுவது அவர் வேலையாக இருந்தது. தன் பெயர் போட்ட ஃப்ரேம் ஒன்று சுவரில் தொங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வருஷம் பிழை நாணயங்கள் பிரிவில் ஒரு ஃப்ரேம் காலியாக இருந்தது. மாமி தன் பெயரைக் கொடுத்துவிட்டார். சான்றிதழ் வெள்ளிக்கிழமைக்குள் வந்தால்தான் இடம் என்றார் செயலாளர். செயலாளர் வேறு யாருமில்லை. மாமியின் அக்கா புருஷர், அதே தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் அத்திம்பேர்.

புதன்கிழமை காலை மாமி மாடியேறி வந்து மேஜையில் ஒரு ஐந்து ரூபாயை வைத்தார். மஞ்சள் உலோகத்தில் வரும் ஐந்து ரூபாய். தங்கம் மாதிரி ஜொலித்தது.

“இது டபுள் டையாக்கும், கொழந்தே. அத்திம்பேர் மெஷின் டபுளிங்ங்கறார். அவர் கிட்டக்க லென்ஸ் இருக்கு, எங்கிட்ட கண்ணு இருக்கு. நீ சொல்லு.”

“மாமி, இதைத் தேய்ச்சீங்களா?”

“பின்னே? விஷுக்கணிக்கு வெக்க வேண்டாமா? புளியும் சாம்பலும் போட்டு நன்னா தேச்சேன். உருளியிலே வெச்சு, விடிகாலமே கண்ணைத் தொறந்து பாக்கறேன், கண்ணாடியிலே எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியறது. கண்ணாடிதான் கோளாறுன்னு கையிலே எடுத்துப் பாத்தா, அப்பவும் ரெண்டு!”

விஷு விடியலில் முதலில் கண்விழிக்கக் கணி வைக்கும் ஊரில்தான் இந்தத் தவறு நடக்கும். வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, கண்ணாடி இவற்றோடு உருளியில் வைக்கும் காசு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வீட்டில் இருக்கிற மஞ்சள் காசையெல்லாம் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். அப்படித் தேய்த்த நாணயத்தில் எல்லா இடமும் மினுங்கும். உருண்ட முதுகும் தட்டையாகும். முனையில் இருக்கும் வெட்டும் மழுங்கும். என் நான்கு வரிகளில் மூன்றை மாமி புளி போட்டுக் கழுவிவிட்டார்.

மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தலைக்கோட்டின் இடது முனையில் பிளவு இருப்பது போலத் தெரிந்தது. எழுத்து பருத்திருப்பது போலவும் இருந்தது. இன்னொரு பக்கம் விளக்கைச் சாய்த்தால் தட்டைப் படி போலவும் தெரிந்தது. சிங்கத் தூணின் பீடத்துக்குக் கீழே விளிம்பு வரை ஒரு மயிரிழை மேடு ஓடியது. டையில் வெடிப்பு விழுந்தால் நாணயத்தில் அப்படி ஒரு கோடு எழும்பும். அதைக் குறித்து வைத்தேன்.

“மாமி, இப்ப என்னால சொல்ல முடியல.”

“ஆமாவா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேண்டி.”

“ரெண்டும் சொல்ல முடியல.”

மாமியின் முகம் சுருங்கியது. ஷீலா சேச்சி என்னை உள்ளே கூப்பிட்டார்.

“நித்யே, பாவம் ஸ்திரீ. ஆசையா வந்திருக்கு. எழுதிக் கொடுத்தா என்ன?”

“அவங்க அத்திம்பேர் ஃப்ரேம் முன்னாடி நின்னு லென்ஸ் வெச்சுப் பார்ப்பார், சேச்சி. எல்லார் முன்னாடியும் கேட்பார். அப்ப மாமி என்ன பதில் சொல்வாங்க? நாம சொல்ற காரணத்தைத்தானே அவங்க சொல்லணும்?”

சேச்சி தலையாட்டினார். “அதும் சரிதான். அப்ப காரணம் கண்டுபிடி. வெள்ளி வரைக்கும் நீ மாமியோட வேலைக்காக்கும்” என்றார்.

4. உடன்பிறப்பு வேட்டை

அந்த நாணயம் வாய் திறக்காது என்றால் அதே டையில் பிறந்த இன்னொன்றைக் கேட்க வேண்டியதுதான். மாமியிடம் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

“இந்தக் காசு யார் கையிலேர்ந்து வந்தது, மாமி?”

“போன வருஷத்துக் கைநீட்டம்.”

“யார் குடுத்தது?”

மாமிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “அத்திம்பேர்தான்! வருஷா வருஷம் பேங்கிலேர்ந்து புதுக் காசு பேக்கட்டு வாங்கிண்டு வந்து, தெரு முழுக்கக் கைநீட்டம் குடுப்பார்.”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாணயசாலையிலிருந்து பைக்குள் போய், பேங்குக்கு வந்து, பிரிக்காமல் ஒரு கைக்கு வந்த காசுகள். ஒரே டையில் அடித்தவை அந்தப் பேக்கட்டில் இன்னும் சில கட்டாயம் இருந்திருக்கும். விஷு அன்று பெரியவர்கள் கையில் வைக்கும் கைநீட்டக் காசைப் பலர் செலவழிக்க மாட்டார்கள். கைநீட்டம் வாங்கியவர்களைத் தேடிப் போனால் உடன்பிறப்பு கிடைக்கும்.

வியாழக்கிழமை காலை மாமியும் நானும் கிளம்பினோம். பையில் மாமியின் காசு, லூப், சின்ன டார்ச், ஃபோனில் மாட்டும் மைக்ராஸ்கோப். மாமி கையில் ஒரு ஊறுகாய்ப் பாட்டில். யார் வீட்டுக்குப் போனாலும் வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

ஆட்டோக்காரர் முதலில். “அந்தக் காசா? அது அன்னிக்கே பெட்ரோலாயிப் போயி மாமி” என்றார். பேப்பர் போடுகிறவர் மருமகளுக்குக் கொடுத்துவிட்டார், மருமகள் கல்ஃபில். பழவங்காடியில் அருகம்புல் மாலை கட்டி விற்கும் பேச்சியக்கா, அம்பாசமுத்திரத்துக்காரர், வெற்றிலைப் பைக்குள் கைவிட்டு ஒரு காசை எடுத்தார்.

“இது அய்யரு குடுத்ததுதான். சாமி காசு மாதிரி வெச்சிருக்கேன். என்னத்தப் பாக்கப் போற?”

“எழுத்து ரெண்டா தெரியுதான்னு பாக்கணும், அக்கா.”

“எனக்குக் கொஞ்ச நாளா எல்லாமே ரெண்டாத்தான் தெரியுது. ஒன்னயே ரெண்டு பேராத்தான் பாக்கேன். அதுக்கு எவ்வளவு குடுப்பே?”

பக்கத்தில் தேங்காய் உடைக்க நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி ஒரு வட்டம். ஒவ்வொருவராக ஐந்து ரூபாயை நீட்டினார்கள். “என்னோடதையும் பாரு மோளே.” எல்லாவற்றையும் பார்த்தேன். பேச்சியக்காவின் காசு அருமையாக இருந்தது, ஆனால் சாதாரணமானது. வேறு டை. மற்றவர்களுடையதிலும் ஒன்றுமில்லை.

இதைப் புதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேக்கட்டில் பல டைகளின் காசு கலந்திருக்கும். உடன்பிறப்பு கிடைக்கவில்லை என்பதால் இரட்டிப்பு பொய் என்று ஆகிவிடாது.

தெருக்கோடித் தையற்காரரிடம் ஒன்று கிடைத்தது. லூப்பில் வைத்ததும் இரட்டிப்பு பளிச்சென்று தெரிந்தது. மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார். “கெடச்சுடுத்தா? கெடச்சுடுத்தா?”

நான் நிதானமாகப் பார்த்தேன். எழுத்துகள் மெலிந்திருந்தன. ஒரே பக்கமாகத் தள்ளிய தட்டைப் படி. முனையில் வெட்டு இல்லை. படி மட்டும் தனியாக மினுங்கியது. பீடத்துக்குக் கீழே மயிரிழைக் கோடும் இல்லை. நல்ல சுத்தமான மெஷின் டபுளிங். லூப்பை மாமியிடம் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் வேகமாகப் புரிந்துகொண்டார். அதுதான் சிக்கலாகிவிட்டது.

“என்னோடதும் இப்படித்தானே இருக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஒரு பக்கம் சாய்ச்சா இப்படி இருக்கு, மாமி.”

“அப்போ அத்திம்பேர் சொன்னதுதான் சரியா இருக்குமோ?”

“இருக்கலாம்.”

பொய் சொல்லித் தேற்றியிருக்கலாம்தான். மாமி லூப்பை மூடி என் கையில் வைத்தார். வெயில் ஏறிவிட்டது. பட்டியலில் ஆள் மிச்சமில்லை. “வா, அக்கா ஆத்துலே காப்பி குடிச்சுட்டுப் போலாம். தோத்தாலும் காப்பி காப்பிதானே” என்றார்.

5. மஞ்சள் துணி

அத்திம்பேர் ஊஞ்சலில் உட்கார்ந்து கண்காட்சிக்கான பெயர் அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கத்தரியைக் கீழே வைத்தார்.

“வா ஜானகி. தெருவெல்லாம் சில்லறை பாக்கறேளாமே? பழவங்காடியிலேர்ந்து ஃபோன் வந்தது. கெடச்சுதா?”

“மெஷின் டபுளிங் ஒண்ணு கெடச்சுது.”

“நான் அப்பவே சொன்னேனே.”

“எல்லாத்துக்கும் அப்பவே சொல்லிடறேள். அந்தப் பேக்கட்டை ஒரு தடவையாவது பிரிச்சுப் பாத்தேளா? லென்ஸை வெச்சுண்டு லோகத்துக் காசையெல்லாம் பாக்கறேள், சொந்தக் கைநீட்டத்தைப் பாக்கலை.”

“கைநீட்டம் குடுக்கறதுக்கா, லென்ஸ் வெச்சுப் பாக்கறதுக்கா?”

“அத்திம்பேர், அந்தப் பேக்கட்டிலே மிச்சம் ஏதாவது இருக்கா?” என்று நான் கேட்டேன். மாமி கூப்பிடுகிற முறையிலேயே எனக்கும் கூப்பிட வந்துவிட்டது. அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஒண்ணுமில்லே. எல்லாம் குடுத்தாச்சு.”

உள்ளிருந்து காப்பியோடு வந்த சரசா மாமி, அவர் மனைவி, டம்ளரை வைத்துக்கொண்டே, “எல்லாம் எங்கே குடுத்தேள்? அன்னிக்கு முட்டிவலிக்குக் குலதெய்வத்துக்குன்னு ஒண்ணு முடிஞ்சு வெச்சேளே, அது அந்தப் பேக்கட்டிலேர்ந்து எடுத்ததுதானே? முட்டிவலி போயி வருஷமாச்சு. போயிட்டு வரலாம்னா இன்னிக்கு நாளைக்குன்னு நீட்டறேள்” என்றார்.

எல்லாரும் பூஜை அலமாரியைப் பார்த்தோம். மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை, சாமி படத்துக்கு முன்னால். யாரும் செலவழிக்காத, யாரும் தேய்க்காத ஒரு காசு அதற்குள் இருந்தது.

அத்திம்பேர் தொண்டையைச் செருமினார். “முடிஞ்சதைப் பிரிக்கப்படாது.”

“பயமா, அத்திம்பேர்?” என்றார் ஜானகி மாமி.

“எனக்கென்ன பயம்? ஸ்வாமி காரியம்.”

“ஸ்வாமிக்கு அஞ்சு ரூபாய் போறும். அது ஒத்தையா ரெட்டையான்னு அவர் கேக்கப் போறதில்லே” என்றார் சரசா மாமி. “பாத்துட்டுத் திரும்ப முடிஞ்சு வெச்சுடுங்கோ. எடுக்கப்படாது, மாத்தப்படாது. பாக்கலாம்.”

அத்திம்பேர் ஜானகி மாமியைப் பார்த்தார். மாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுமுன் இருந்த கேலி முகத்தில் இல்லை. அத்திம்பேருக்கு அது புரிந்திருக்க வேண்டும். எழுந்து, “குளிச்சுட்டு வரேன்” என்றார்.

காலையில் ஒரு முறை குளித்தவர் மறுபடியும் குளித்தார். ஈர வேஷ்டியோடு வந்து, விழுந்து கும்பிட்டு, முடிச்சை அவிழ்த்து, காசை ஒரு வெற்றிலையில் வைத்தார்.

“தொடாமப் பாரு, கொழந்தே.”

“நாங்க எப்பவுமே முகத்தைத் தொட மாட்டோம். விளிம்பை மட்டும்தான் பிடிப்போம்.”

“விளிம்பும் தொடாதே.”

சரி என்று மண்டியிட்டு, வெற்றிலைக்கு மேல் குனிந்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். ஃபோன் மைக்ராஸ்கோப்பையும் வைத்தேன். உலோகத்தில் துணியிலிருந்து ஒட்டிய மஞ்சள்தூள் கறை கொஞ்சம். மற்றபடி அடித்த அன்று இருந்த மாதிரியே மங்கலான பட்டுப் பளபளப்பு. தலைக்கோட்டின் இடது முனை கவட்டையாகப் பிளந்திருந்தது. நடுவில் கூர்மையான வெட்டு. எழுத்துகள் பருத்திருந்தன. இரண்டு உருவத்துக்கும் உருண்ட முதுகு, ஒரே உயரம். தனியாக எங்கேயும் மினுங்கவில்லை. பீடத்துக்குக் கீழே விளிம்பு வரை அந்த மயிரிழைக் கோடு ஓடியது.

மாமியின் காசை எடுத்து, இன்னொரு வெற்றிலையில் பக்கத்தில் வைத்தேன். பிளவு அதே இடம், அதே சாய்வு. கோடு அதே இடம். ஆடின மெஷின் இரண்டு காசை ஒரே மாதிரி தள்ளாது. ஒரே டையின் பிள்ளைகள்.

லூப்பை அத்திம்பேரிடம் நீட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வேஷ்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சரசா மாமி, “சளி பிடிக்கும்” என்றார். அவர் காதில் விழவில்லை.

“ஜானகி.”

“சொல்லுங்கோ.”

“டபுள் டை.”

ஜானகி மாமி எழுந்து நின்றார். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டார். பிறகு அக்காவை. பிறகு அத்திம்பேர் பக்கம் இரண்டு கையையும் நீட்டிவிட்டு, அவர் குளித்துவிட்டு யாரும் தொடக் கூடாத மடியில் இருப்பது நினைவு வந்து, அப்படியே கும்பிட்டுவிட்டார். அத்திம்பேர் விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிப்பு திடீரென்று நின்றது. வெற்றிலையில் இருந்த தன் காசைப் பார்த்தார்.

“எத்தனை வருஷமா டபுள் டை ஒண்ணு தேடறேன். என் கைக்கு ரெண்டு வந்திருக்கு. ஒண்ணை ஜானகிக்குக் குடுத்துட்டேன். இது…” என்று மனைவியைப் பார்த்தார். “வேற நல்ல காசா ஒண்ணு முடிஞ்சு வெச்சா?”

“மாத்திப் பாருங்கோ. முட்டி திரும்ப வலிக்கும்” என்றார் சரசா மாமி.

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். நான் வேண்டிய அளவு படம் எடுத்துக்கொண்டதும் தன் கையாலேயே காசைத் துணியில் வைத்து முடிந்தார். முடிச்சைக் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டார் என்று எனக்குத் தோன்றியது.

6. கண்காட்சி

சான்றிதழ் வெள்ளிக்கிழமை காலை தயாரானது. ‘டபுள்டு டை. மேற்பரப்பு தேய்க்கப்பட்டது’ என்று எழுதினேன். ஜானகி மாமி இரண்டாவது வாக்கியத்தில் விரலை வைத்தார்.

“இது என்னத்துக்கு?”

“தேய்ச்சிருக்கே, மாமி.”

“தேய்க்கப்பட்டதுன்னா ஏதோ குத்தம் பண்ணின மாதிரி இருக்கு. சுத்தமா வெச்சிண்டதுன்னு எழுதேன்.”

“அப்படி ஒரு கிரேடு இல்லை.”

“ஒண்ணு உண்டாக்கு. நீ படிச்சவளாச்சே.”

ஷீலா சேச்சி சிரித்துச் சிரித்து மேஜையில் தலையை வைத்துவிட்டார். வாக்கியத்தை நான் மாற்றவில்லை. மாமியும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் ஃப்ரேமில் வைக்கும்போது அந்த வரிக்கு நேராக ஒரு காகிதக் கொன்றைப்பூவை ஒட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மாமி தன் ஃப்ரேமுக்கு முன்னால் இல்லை. வழக்கம்போல மற்றவர்களின் ஃப்ரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடுவில் அவருடைய ஐந்து ரூபாய். பக்கத்தில் வெற்றிலை மேல் இருந்த உடன்பிறப்பின் பெரிய படம், பிளவுக்கும் கோட்டுக்கும் சிவப்பு அம்புக்குறி. கீழே கொட்டை எழுத்தில் மாமியின் பெயர். அந்த அட்டையை அத்திம்பேர்தான் வெட்டியிருந்தார். மற்ற எல்லா அட்டைகளையும்விட அது கொஞ்சம் பெரிது.

ஃப்ரேமுக்கு முன்னால் நின்று விளக்கியதும் அத்திம்பேர்தான். காலையிலிருந்து நகரவில்லையாம். பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் ஒன்று அவரைச் சுற்றி நின்றிருந்தது.

“முனையைப் பாருங்கோ. கவட்டை மாதிரி இருக்கா? அதுதான் டபுள்டு டை. ரொம்ப அபூர்வம். இது நான் குடுத்த கைநீட்டமாக்கும்.”

“அங்கிள், தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள், துணியும் கையுமாக அந்தப் பக்கம் வந்த ஜானகி மாமி, “குடுக்கறச்சே பாக்கலை, பாத்தப்புறம் மெஷின் டபுளிங்னார்” என்றார். அன்று கூடத்திலேயே பெரிய சிரிப்பு அதுதான். உரக்கச் சிரித்தவர் அத்திம்பேர். மதியம் சாதம் பரிமாறியதும் அவரே. மாமியை இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, “இன்னிக்கு நீ எக்ஸிபிட்டர்” என்று சொல்லிப் பருப்பு விட்டார்.

அடுத்த மாதம் இரண்டு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போய்வந்தார்கள். வந்த அன்றே மாமி மாடியேறி வந்து கதை சொன்னார். அத்திம்பேர் உண்டியல் முன்னால் நின்று முடிச்சை அவிழ்த்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். கடைசியாக ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டுவிட்டது. ஒருவர் பொறுமையிழந்து, “சாமி, அது செல்லாத காசா? அத நாங்க போட்டுக்கிறோம், நீங்க தள்ளுங்க” என்று சத்தம் போட்டார். அத்திம்பேர் பதறிப்போய் உண்டியலில் போட்டுவிட்டார்.

இதிலிருந்து நான் கற்றது. இரட்டிப்பு என்று ஒரு காசு மேஜைக்கு வந்தால், லூப்பை எடுக்கும் முன் கொண்டுவந்தவரிடம் அது யார் கையிலிருந்து வந்தது, அதே கையிலிருந்து வேறு யாருக்கெல்லாம் போனது என்று கேளுங்கள். ஒரு காசு எப்படி வேண்டுமானாலும் ஏமாற்றலாம். இரண்டு காசு ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஏமாற்றாது. சொல்ல முடியாதபோது சொல்ல முடியவில்லை என்று சொல்லுங்கள், ஆனால் அதோடு நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உண்டியல் காசை எண்ணி பேங்குக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கிருந்து பஸ்ஸுக்கோ, பூக்கடைக்கோ, உங்கள் சட்டைப் பைக்கோ அது வரலாம். மஞ்சள் ஐந்து ரூபாய் கைக்கு வந்தால் தலைக்கோட்டின் இடது முனையை ஒரு முறை பாருங்கள். அதுவரை தயவுசெய்து புளி போடாதீர்கள்.